கட்டாத கால்

ஜூன் 3, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து இவரை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து வாசலில் செருப்பு குறையவில்லை. வருகிறவர்கள் ஆளுக்கொரு பிரட் பாக்கெட் வாங்கி வருகிறார்கள். கட்டிலருகே நின்று, காது கேட்காதவரிடம் பேசுவதுபோலக் கத்துகிறார்கள். "பாய், நான் யாருன்னு தெரியுதா?" தெரிகிறது. காதும் நன்றாகக் கேட்கிறது. பக்கவாதத்தில் இடது கையும் இடது காலும் விழுந்திருக்கின்றன, அவ்வளவுதான். புத்தி தெளிவாக இருக்கிறது.

பேச்சுதான் இல்லை. வாயைத் திறந்தால் ஒரே ஒரு வார்த்தை வருகிறது. பன்னெண்டு. தண்ணீர் வேண்டுமா என்றால் பன்னெண்டு, வலிக்கிறதா என்றால் பன்னெண்டு. இன்று காலை என்னைக் கூப்பிடப் பார்த்தார். நசீமா என்று எத்தனையோ வருடம் கூப்பிட்ட வாய். பன்னெண்டு, பன்னெண்டு என்றே வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திண்டிவனம் சாலையில் இவருடைய டூவீலர் பட்டறை. நாள் முழுக்க "பன்னெண்டு எடு" என்று ஸ்பேனர் கேட்டுக்கொண்டே இருப்பார். மற்ற வார்த்தையெல்லாம் எங்கேயோ போய், அது மட்டும் மாட்டிக்கொண்டது போல.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. இடது பக்கம் விழுந்திருந்தால் அடைப்பு மூளையின் வலது பக்கமாம். பேச்சு இருப்பது மூளையின் இடது பக்கமாம். அதனால் பேச்சு போயிருக்க வாய்ப்பே இல்லையாம். "மனசு சம்பந்தப்பட்டதா இருக்கலாம். வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

வீட்டில் பிரச்சினை நீங்கதான் சார் என்று சொல்லியிருக்க வேண்டும். தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஜூன் 7, சனி. பக்ரீத்

தொழுகை முடிந்து பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டுக்கு வந்தார். கட்டிலருகே உட்கார்ந்து அல்ஹம்து சூரா ஓதினார். இரண்டாவது வரியிலேயே இவரும் சேர்ந்துகொண்டார். ஒரு எழுத்து பிசகவில்லை. கடைசிவரை ஓதி ஆமீன் சொன்னார்.

மாமி, இவரைப் பெற்றவர், தரையில் உட்கார்ந்து அழுதார். "எம் புள்ளைக்கு வாய் வந்துடுச்சு" என்று தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது. மகள் நூரைன் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நானும் ஒரு நிமிடம் நம்பினேன். எல்லாரும் போன பிறகு அவர் கையைப் பிடித்து, "என்னங்க, பிரியாணி வைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

என் முகத்தையே பார்த்தார். உதடு நடுங்கியது. "பன்னெண்டு" என்றார்.

ஜூன் 9, திங்கள்

எதிர்வீட்டுக்காரர்கள் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பேச்சைப் பறித்துக்கொண்ட அல்லா ஓதுவதை மட்டும் விட்டுவைத்திருக்கிறானாம். அதனால் இவர் ஓதி ஊதிக் கொடுத்தால் நல்லதாம். மாமி பாட்டிலை வாங்கிக் கட்டிலுக்குக் கொண்டுபோனார். நான் அடுப்படியில் கரண்டியைப் போட்டு உடைக்காத குறை.

ஜூன் 11, புதன்

பௌர்ணமி. மலை சுற்ற வந்த கூட்டத்தில் கொஞ்சம் எங்கள் தெருவுக்கும் வந்துவிட்டது. இந்த ஊரில் ஒருவன் நான்கு நாள் பேசாமல் உட்கார்ந்தால் ஐந்தாம் நாள் காலில் விழ ஆள் வந்துவிடும். என் புருஷனுக்கும் அந்தக் கதி வரும் என்று நான் நினைக்கவில்லை.

அடி அண்ணாமலையில் டீக்கடை வைத்திருக்கும் எல்லம்மாள் வந்தாள். அவளுடைய மொபெட்டை இவர்தான் எப்போதும் பார்த்துக் கொடுப்பார். மகள் கன்னியம்மாளுக்கு வரன் அமையவில்லை என்று பாட்டிலோடு நின்றாள். இவர் ஓதினார், ஊதினார். பிறகு அவளிடம் ஏதோ கேட்க ஆசைப்பட்டார், எனக்குத் தெரியும், வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டிருப்பார். "பன்னெண்டு" என்று வந்தது.

எல்லம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "பன்னெண்டு சுத்து சுத்தணும்னு சொல்றாரு. ஆவட்டும் பாய், பொண்ண இஸ்துகினு போய் சுத்திடறேன்."

"அது ஸ்பேனர் நம்பரும்மா" என்றேன். "பட்டறையில கேக்குற ஸ்பேனர்."

விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். மாமியும் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அதையும் ஒருத்தி பார்த்து, "அருள் வந்திருக்கு" என்கிறாள். அடிப்பாவிகளா. அவர் மாட்டிகினு தவிக்கிறார், யாருக்கும் தெரியலையா?

ஜூன் 16, திங்கள்

மறுபரிசோதனைக்கு அழைத்துப் போனோம். மாமியும் வந்தார், தடுக்க முடியவில்லை. இவர் பேசத் தவிப்பதையும் தப்பான வார்த்தை வருவதையும் நான் டாக்டரிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி கேட்டார்: "எந்தக் கை பழக்கம்?"

நான் வாயைத் திறக்குமுன் மாமி: "வலது கைதான் டாக்டர். எங்க வீட்ல அந்தப் பக்கம் யாரும் கிடையாது."

அந்தப் பக்கம். இடது என்ற சொல்லைச் சொல்லக்கூட மாமிக்கு வாய் வராது. சாப்பிடுவதும் எழுதுவதும் வலது கையில்தான், நானும் பார்த்திருக்கிறேன். அதனால் மறுத்துப் பேச எனக்கும் ஒன்றுமில்லை.

"அப்ப நான் சொன்னதுதான். ஓதறார், பேசலைன்னா அது மூளைல இல்ல. மனநல டாக்டரப் பாருங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு தடவைகூட இவர் முகத்தைப் பார்க்கவில்லை. வரும் வழியில் மாமி அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டார். "எம் புள்ள பைத்தியமா? அவன அல்லா தேர்ந்தெடுத்திருக்கான்."

ஒருவர் நடிக்கிறார் என்கிறார். ஒருவர் அவுலியா, இறைநேசர், என்கிறார். அவர் ஒரு நோயாளி என்று சொல்ல ஊரில் நான் ஒருத்திதான்.

ஜூன் 20, வெள்ளி

பிசியோதெரபிக்கு அபிநயா என்ற பெண் வேங்கிக்காலிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறாள். நான் வேலை செய்யும் இ-சேவை மையத்துக்கு ஏதோ சான்றிதழுக்காக வந்தபோது பழக்கம். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். வந்ததும் முதல் வேலையாகப் பாட்டில்களையெல்லாம் கட்டிலடியிலிருந்து தள்ளி வைத்தாள். அதற்காகவே அவளைப் பிடித்துவிட்டது.

இன்று இவரை நாற்காலியில் உட்காரவைத்து, நூரைனுடைய பிளாஸ்டிக் பந்தை வலது காலருகே உருட்டினாள். "தள்ளுங்கண்ணா, இது நல்ல கால்தானே." தள்ளினார். பந்து பக்கவாட்டில் எங்கேயோ போனது. திரும்பத் திரும்ப அப்படியே.

"அக்கா, முன்னாடி எல்லாம் அண்ணா எந்தக் கால்ல பந்து உதைப்பார்?"

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இவர் பைக்கை ஸ்டார்ட் செய்வதைப் பார்த்து எத்தனையோ பேர் சிரித்திருக்கிறார்கள். கிக்கர் வலது பக்கம் இருக்கும், எல்லாரும் வண்டியில் உட்கார்ந்து வலது காலால் உதைப்பார்கள். இவர் இறங்கி, வலது பக்கம் வந்து நின்று, இடது காலால் உதைப்பார். கரப்பான்பூச்சியை மிதிப்பது இடது கால். ஏணியில் முதலில் வைப்பது இடது கால். வீட்டுக்குள்ளும் பள்ளிவாசலுக்குள்ளும் வலது காலை வைத்துத்தான் நுழைய வேண்டும் இல்லையா, வாசல்படி வந்ததும் இவருக்கு ஒரு தடுமாற்றம், ஒரு சின்னக் குதி, பிறகுதான் கால் மாறும். பாத்ரூமுக்குள் போகும்போது மட்டும் அந்தத் தடுமாற்றம் கிடையாது. அங்கே இடது கால்தானே முதலில். இத்தனை வருடம் இதை வைத்துக் கேலி செய்திருக்கிறேன்.

அபிநயா சிரிக்கவில்லை. "கைய அடிச்சு மாத்திடுவாங்கக்கா. சாப்பாடு, எழுத்து எல்லாம் கைலதானே. கால யாரு கவனிக்கிறாங்க? அதான் கை சொல்றத விட கால் சொல்றது சில நேரம் உண்மையா இருக்கும்."

"அப்ப இவருக்குப் பேச்சு வலது பக்கமா?"

"கால மட்டும் வெச்சு அப்படி அடிச்சுச் சொல்லிட முடியாது. இடது கால்காரங்க நிறைய பேருக்குக்கூட பேச்சு மூளையோட இடது பக்கம்தான் இருக்கும். ஆனா மாறி இருக்கறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. ஓதுறது, எண்றது, பாட்டு இதெல்லாம் மனப்பாடம், அது வேற வழியா வந்துடும். சொந்தமா பேசுறதுதான் கஷ்டம். அண்ணாவுக்கு அதுதான் ஆயிருக்குன்னு எனக்குத் தோணுது. பேச்சுப் பயிற்சி உடனே ஆரம்பிக்கணும்க்கா. முதல் சில மாசத்துல வர்ற அளவுக்கு அப்புறம் வராது."

முதல் சில மாதம். இங்கே பாட்டிலில் ஊதிக்கொண்டிருக்கிறோம்.

ஜூன் 21, சனி

மாமியிடம் கேட்டுவிட்டேன். நல்லவிதமாகத்தான் ஆரம்பித்தேன். "மாமி, சின்ன வயசுல இவரு எந்தக் கைல சாப்பிடுவாரு?"

"இன்னா கேள்வி இது?"

"சொல்லுங்களேன். வைத்தியத்துக்குத்தான்."

"வலது கை. நாந்தான் பெத்தேன், எனக்குத் தெரியாதா? ஊரே அவன் ஓதுன தண்ணிய குடிக்குது, நீ அவனுக்குப் பீச்சாங்கைன்னு பேர் வெக்கப் பாக்குற."

"பேர் வைக்கல மாமி. அவரு பேசணும்."

"அவன் பேச வேண்டியது படைச்சவன்கிட்ட. பேசுறான். உனக்குத்தான் கேக்கல."

பிறகு நான் பேசியதை எழுதப் போவதில்லை. மாமியும் சும்மா இருக்கவில்லை. நூரைன் அழுதுகொண்டே டியூஷனுக்குப் போனாள். இவர் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், தூங்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

பட்டறையை இப்போது பார்த்துக்கொள்ளும் சக்திவேல் வந்தான். வெளியே நிற்க வைத்துக் கேட்டேன்.

"அண்ணி, பாய் எல்லாருக்கும் முன்னாடி வலது கைதான். ஆனா நட்டு ஜாமாயிடுச்சுன்னா அப்படியே இடது கைக்கு மாத்திப்பாரு. ஒரே திருப்பு, கழண்டுடும். சுத்தியல்கூட யாரும் இல்லன்னா இடதுலதான் பிடிப்பாரு. நான் பாத்தா உடனே மாத்திப்பாரு. எதுக்கு பாய் வெக்கப்படறீங்கன்னு ஒருவாட்டி கேட்டேன். சிரிச்சுட்டு விட்டுட்டாரு."

நாற்பத்தாறு வயது மனுஷன். சொந்தப் பட்டறையில், சொந்தக் கையை ஒளித்து வைத்து வேலை செய்திருக்கிறார். கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை, மாமியை என்ன செய்யலாம் என்றுதான் தோன்றியது.

ஜூன் 27, வெள்ளி

ஹஜ்ரத்தே வந்து, "நோயாளியத் தொந்தரவு பண்ணாதீங்க, வைத்தியம் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்பியதும் அடுத்த பாட்டில் வந்தது.

ஜூலை 2, புதன்

டாக்டரிடம் தனியாகப் போனேன். கால், ஸ்பேனர், சுத்தியல் எல்லாவற்றையும் சொன்னேன். "அவங்க அம்மாவே வலது கைன்னு சொன்னாங்களே" என்றார். மேசையைத் தட்டி, "அவங்க பொய் சொல்றாங்க சார். எங்க ஊர்ல இடது கைன்னு எந்த அம்மாவும் ஒத்துக்க மாட்டாங்க. இது உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டேன். வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு, "நான் காலப் பத்திக் கேட்டிருக்கணும்" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. பேச்சுப் பயிற்சிக்கு எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

மாமியிடம் மனநல டாக்டர் இல்லை, வாய்க்குப் பயிற்சி தருகிறவர் என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. கூடவே வருவாராம். வரட்டும்.

ஜூலை 7, திங்கள்

வந்ததும் நோட்டை எடுத்துவிட்டேன். இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

பேச்சுப் பயிற்சி தருகிற அருணாதேவி மேடம் எங்களை ஓரமாக உட்காரவைத்துவிட்டு இவரிடம் மட்டும்தான் பேசினார். அவசரமே இல்லை. சாவி, கடிகாரம், டம்ளர் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். எல்லாம் பன்னெண்டு. ஆனால் "டம்ளர் எது, காட்டுங்க" என்றால் சரியாகக் காட்டினார். "புரியுது, வார்த்தை வர மாட்டேங்குது, இல்லையா?" என்று கேட்டதும் இவர் தலையாட்டிய வேகத்தில் நாற்காலி அசைந்தது. முதல் தடவையாக ஒருவர் கேட்டிருக்கிறார்.

பிறகு மாமியிடம் திரும்பினார். "அம்மா, சின்ன வயசுல இவரு இடது கை பழக்கமா?"

"இல்லீங்க. எப்பவும் வலதுதான்."

இவர் மாமியைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை வலது கையால் இழுத்தார். மடியில் செத்துக் கிடக்கிற இடது கையின் மணிக்கட்டில் அதைச் சுற்றினார். ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு முடிச்சுப் போட்டார். இன்னொரு முனையை நாற்காலிச் சட்டத்தில் சுற்றினார். அப்புறம் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். கோபம்கூட இல்லை அந்த முகத்தில். இதை நீங்களே சொல்லிவிடுங்களேன் என்பதுபோல இருந்தது.

கட்டி வெச்சிருக்காங்க. சின்னப் புள்ளையா இருக்கும்போது கையக் கட்டிப் போட்டிருக்காங்க.

மாமி எழுந்து வெளியே போய்விட்டார். அருணாதேவி மேடம் முடிச்சை மெதுவாக அவிழ்த்துவிட்டு, "சரிண்ணா, புரிஞ்சுது. நாம ஆரம்பிக்கலாம்" என்றார். கட்டியதால் வந்த வாதம் இல்லை இது, பேச்சு எந்தப் பக்கம் என்பது பிறப்பிலேயே அமைவது, கையை மாற்றினால் அது மாறாது என்று பிறகு எனக்கு விளக்கினார். தலையில் ஏறவில்லை. அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

மாமியோடு பேசவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு வந்தேன்.

ஒரு மாதம் போய்விட்டது. ஒரு மாதம் அவர் வாயைப் பூட்டி வைத்து, தர்காவுக்குப் போர்த்துவதுபோல மேலே பச்சைத் துணி போர்த்தினார்கள். கையைக் கட்டியதைக்கூட விட்டுவிடலாம், அந்தக் காலம், தெரியாமல் செய்தது. டாக்டர் கேட்டபோது ஏன் மறைத்தார்? ஊர் என்ன சொல்லும் என்றா? மகனுடைய பேச்சைவிட ஊருடைய பேச்சு பெரிதா? இதைக் கேட்கத்தான் போகிறேன். எல்லாரும் இருக்கும்போது கேட்கப் போகிறேன்.

ஜூலை 10, வியாழன்

பௌர்ணமி. கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். வெளியே கூட்டம் தட்டிப் பார்த்துவிட்டுத் திட்டிக்கொண்டு போனது. மாமி தன் அறையை விட்டு வரவில்லை.

ஜூலை 18, வெள்ளி

பயிற்சி நடக்கிறது. ஒன்று, இரண்டு என்று எண்ணவைத்து நடுவில் நிறுத்துகிறார் அருணாதேவி மேடம். தாளம் தட்டிச் சொல்லவைக்கிறார். வீட்டில் அபிநயாவும் நானும் அதையே செய்கிறோம். பத்து தடவைக்கு ஒன்பது தடவை பன்னெண்டுதான். ஆத்திரத்தில் நேற்று டம்ளரைத் தட்டிவிட்டார்.

இன்று உப்புமா வைத்தேன். தட்டைத் தள்ளிவிட்டு, "இல்ல" என்றார். எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. "என்னது?" என்றேன். "இல்ல. இல்ல." நூரைன் கை தட்டினாள். உப்புமா வேண்டாம் என்கிற மனிதனைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம். தோசை ஊற்றிக் கொடுத்தேன்.

இப்போதைக்கு அந்த ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் இல்ல. ஆமாம் என்பதற்கும் சில சமயம் இல்ல.

ஜூலை 25, வெள்ளி

ஜும்மா தொழுகை முடிந்த நேரம். பால் வாங்க நூரைன் திறந்த கேட் பூட்டாமல் கிடந்தது. எல்லம்மாள் முன்னால், பின்னால் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர், எல்லார் கையிலும் பாட்டில். கன்னியம்மாளுக்கு வரன் கூடிவிட்டதாம், பன்னெண்டு சுற்றில் பாதிகூட முடியவில்லையாம், அதற்குள் பாய் வாக்கு பலித்துவிட்டதாம்.

இதுதான் நேரம் என்று நினைத்தேன். இத்தனை பேர் இருக்கிறார்கள், மாமியை வெளியே கூப்பிட்டுக் கேட்டுவிடலாம். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நான் கிளம்பும் முன்பே மாமி என்னைத் தாண்டிப் போனார். முக்காடுகூடச் சரியாகப் போடவில்லை.

"பாட்டில எடுத்துகினு போங்க" என்றார். "எம் புள்ள அவுலியாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவனுக்கு மூளைல அடைப்பு. பேச்சு போயிடுச்சு. ஓதறது மனப்பாடம், அதான் வருது."

எல்லம்மாள், "அப்படிச் சொல்லாதீங்கம்மா, எம் பொண்ணுக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"கேளும்மா. அவன் பொறந்ததுலருந்து இடது கை." அந்தச் சொல் மாமி வாயிலிருந்து வந்ததை இன்றுதான் கேட்கிறேன். "அஞ்சு வயசுல ஒரு கல்யாணத்துல, நாலு பேர் ஒரே தட்டுல சாப்புட்டுகினு இருக்கும்போது இடது கைய வெச்சுட்டான். மத்த மூணு பேரும் எழுந்து கைய கழுவிட்டாங்க. அந்த அவமானத்துல வீட்டுக்கு வந்து கட்டில் காலோட அவன் கையக் கட்டுனேன். அழுவறத நிறுத்துற வரைக்கும் கட்டுனேன், மாசக்கணக்கா. டாக்டர் கேட்டாரு, அங்கயும் மறைச்சேன். வைத்தியம் பாக்க வேண்டிய நாளெல்லாம் போச்சு. நாந்தான் எம் புள்ளையக் கெடுத்தேன்."

பின்னால் நின்றவர்களில் இரண்டு பேர் பாட்டிலை முந்தானைக்குள் மறைத்தார்கள்.

ஜன்னலோரக் கட்டிலிலிருந்து இவர் குரல் வந்தது. "இல்ல."

மாமி திரும்பினார்.

"இல்ல. இல்ல."

தெரிந்த ஒரே வார்த்தை அதுதான் என்பதால் வந்ததா, பதிலாகவே சொன்னாரா, எனக்குத் தெரியாது. என்னிடம் கேட்டால் கெடுத்தது மாமிதான் என்று சொல்லியிருப்பேன். ஆனால் என்னிடம் யார் கேட்டார்கள்? இத்தனை நாள் பாடுபட்டு வாங்கிக் கொடுத்த ஒரு வார்த்தை, அதைக் கொண்டுபோய் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டார்.

எல்லம்மாள் பாட்டிலை இடுப்போடு வைத்துக்கொண்டு, "அப்ப நாங்க இன்னாம்மா செய்யறது?" என்று கேட்டாள்.

"அவனுக்கு நீங்க வேண்டிக்கோங்க" என்றார் மாமி.

அவர்கள் போன பிறகு மாமி கேட்டைச் சாத்திவிட்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. நான் கேட்க வைத்திருந்ததையெல்லாம் அவரே சொல்லிவிட்டார். கோபம் போகவில்லை, அது உள்ளே அப்படியே இருக்கிறது. பாலை அடுப்பில் வைத்து மூன்று பேருக்கும் டீ போட்டேன். திங்கட்கிழமை பயிற்சிக்கு மாமியும் வருகிறாராம், தாளம் தட்டக் கற்றுக்கொள்ள.